ஒல்லாந்தர் கணக்கும் நமது கணக்கும்

(கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளர்களுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் நடைபெற்ற அரசியல் வகுப்பில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)

தோழர்களே!

சென்ற கிளைக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றிருந்தபோது, ரோலிங் மில்லில் வேலை பார்க்கும் ஓர் இளம் தோழர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "தோழர், நம்ம நாட்டு ஏற்றுமதி ஏறுது, ஏறுதுன்னு பேப்பரில் போடுறான். ஹாலந்து தேசத்துக்கு மட்டும் ஆயிரக்கணக்கான கோடி டாலருக்குச் சரக்குப் போகுதாம். ஏற்றுமதி ஏறினால் நம்ம கூலியும் ஏறணுமா, இல்லையா?" என்றார்.

நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதில் மனதில் நிற்காது. ஆகவே இன்றைய வகுப்பில் அந்த ஹாலந்து தேசத்தின் வியாபாரத்தையே எடுத்துக்கொண்டு பேசலாம் என்று வந்திருக்கிறேன். இதற்காக நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. பொன்னேரியில் பஸ் ஏறிப் பழவேற்காட்டில் இறங்கினால் போதும்.

பழவேற்காட்டில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்கும். உள்ளே பெரிய பெரிய கற்பலகைகளில் பெயரும் சின்னமும் வெட்டியிருக்கும். மத்திய சர்க்காரின் தொல்லியல் இலாகா அதைப் பாதுகாத்து வருகிறது. அங்கே படுத்திருப்பவர்கள் ஹாலந்துக்காரர்கள். நம் முன்னோர்கள் அவர்களை ஒல்லாந்தர் என்றார்கள். அவர்களுக்கு நம்முடைய இந்த உப்பேரிக் கரையில் என்ன வேலை? அதுதான் கதை.

மிளகும் விளையாத, பருத்தியும் விளையாத தேசம்

ஹாலந்து சின்னஞ்சிறு தேசம். அதன் நிலத்தில் ஒரு பகுதி கடலோடு மல்லுக்கட்டி, கரை கட்டி மீட்ட நிலம். மிளகு அங்கே விளையாது. கிராம்பும் ஜாதிக்காயும் விளையாது. பருத்திச் செடி கிடையாது. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதற்கும் வாசனைச் சரக்கு விற்ற மொத்த வியாபாரி அந்தத் தேசம்தான். ஆம்ஸ்டர்டாம் நகரம் உலகத்தின் கிட்டங்கி ஆயிற்று. அந்தக் காலத்தின் தலையாய முதலாளித்துவ தேசம் ஹாலந்துதான் என்று கார்ல் மார்க்ஸ் "மூலதனம்" முதல் பாகத்தில் எழுதுகிறார்.

தன் நிலத்தில் விளையாததை ஒரு தேசம் ஏற்றுமதி செய்வது எப்படி? இங்கே வாங்கி அங்கே விற்பது. இதற்கு மறு ஏற்றுமதி என்று பெயர். சொல்வதற்குச் சுலபம். ஆனால் வாங்குவதற்குக் கையில் பணம் வேண்டும், அல்லது சரக்கு வேண்டும், அதுவும் இல்லையென்றால் துப்பாக்கி வேண்டும். ஒல்லாந்தர் மூன்றையும் பயன்படுத்தினார்கள்.

1602ஆம் ஆண்டில் ஹாலந்து வியாபாரிகள் சேர்ந்து ஒரு கம்பெனியை நிறுவினார்கள். ஐக்கியக் கிழக்கிந்தியக் கம்பெனி என்பது அதன் பெயர். பங்கு விற்று மூலதனம் திரட்டினார்கள். அந்தத் தேசத்து அரசு அதற்கு ஏகபோக உரிமை கொடுத்தது. கோட்டை கட்டலாம், பட்டாளம் வைக்கலாம், யுத்தம் செய்யலாம், ராஜாக்களோடு உடன்படிக்கை செய்யலாம் என்று பட்டயம் எழுதிக் கொடுத்தது. கடை போட வந்த கம்பெனிக்குப் பீரங்கி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்த வியாபாரம் பீரங்கி இல்லாமல் நடக்காது என்பதுதான் பதில்.

பழவேற்காடு எதற்காக வேண்டியிருந்தது?

கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்தது இன்றைய இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகளில். அந்தத் தீவு ஜனங்கள் தங்கள் சரக்குக்கு ஈடாகக் கேட்டது ஐரோப்பியச் சாமானை அல்ல. அவர்கள் கேட்டது துணி. நம் சோழமண்டலக் கரையில் நெய்து, சாயம் தோய்த்து, சித்திரம் எழுதிய துணி. ஒல்லாந்தர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே நம் நாட்டுக் கப்பல்காரர்கள் அந்தத் துணியை அங்கே கொண்டு போய் விற்று வந்தார்கள்.

ஆகவே வாசனைச் சரக்கு வேண்டுமானால் முதலில் தமிழ்நாட்டுத் துணி வேண்டும் என்பதை ஒல்லாந்தர் புரிந்துகொண்டார்கள். 1610இல் விஜயநகர வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டில் பண்டகசாலை போட்டார்கள். 1612இல் போர்ச்சுக்கீசியர் வந்து அதை நாசம் செய்தார்கள். 1613இல் ஒல்லாந்தர் அங்கே கோட்டையே கட்டிவிட்டார்கள். கெல்டிரியா கோட்டை என்று அதற்குப் பெயர். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரை முழுவதிலும் நடந்த அவர்களுடைய வியாபாரத்துக்குத் தலைநகரம் நம் பழவேற்காடு. வெடிமருந்துச் சாலை அங்கே இருந்தது. நாணயம் அடிக்கும் சாலையும் இருந்தது.

வியாபாரச் சக்கரம் எப்படிச் சுழன்றது என்று பாருங்கள். ஜப்பானிலிருந்து வெள்ளியும் செம்பும், பிற்பாடு தங்கமும் வந்தன. தீவுகளிலிருந்து வாசனைச் சரக்கு வந்தது. அவை பழவேற்காட்டின் இறக்குமதி. அதைக் கொண்டு துணி வாங்கினார்கள். துணி பழவேற்காட்டின் ஏற்றுமதி. துணி ஜாவாவுக்கும் கிழக்குத் தீவுகளுக்கும் போயிற்று. அங்கே அது கிராம்பாக, ஜாதிக்காயாக மாறிற்று. அது ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் பணமாக மாறிற்று. ஆசியாவின் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்குச் சரக்கை மாற்றி மாற்றியே லாபம் எடுத்தார்கள்.

இந்தச் சக்கரத்தின் அச்சாணி எது? தறி. நம் நெசவாளி உட்கார்ந்திருந்த தறிக்குழி. இன்றைக்கும் மலேயாவிலும் இந்தோனேசியாவிலும் ஜனங்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு "காயின் பெலிக்காட்" என்று பெயர். பெலிக்காட் என்றால் பழவேற்காடு. ஊரின் பெயர் துணிக்கு வந்துவிட்டது. நெய்தவன் பெயர் எங்கும் இல்லை.

முன்பணம் என்னும் கயிறு

கம்பெனி நேராக நெசவாளியிடம் போகவில்லை. இடையில் பெரிய வியாபாரிகள் இருந்தார்கள். மலயா என்றும் சின்னண்ணா என்றும் டச்சுக் கணக்குகளில் வரும் பெருவணிகர்கள் அப்படிப்பட்டவர்கள். கம்பெனி அவர்களுக்கு முன்பணம் கொடுக்கும். அவர்கள் சிறு தரகர்களுக்குக் கொடுப்பார்கள். தரகன் நெசவாளிக்குக் கொடுப்பான். நெசவாளி அந்தப் பணத்தில்தான் நூல் வாங்க வேண்டும், அரிசியும் வாங்க வேண்டும்.

மாதிரித் துணி கம்பெனி கொடுக்கும். அளவு தவறினால், சாயம் மங்கினால், இழை குறைந்தால் தள்ளுபடி. தள்ளின துணிக்கு வாங்கின முன்பணம் கடனாக நிற்கும். கப்பல் புறப்படும் பருவத்துக்குள் முடித்தாக வேண்டும். பஞ்சம் வந்து பருத்தி விலையும் அரிசி விலையும் ஏறினால் நஷ்டம் யாருக்கு? பேசிய விலைக்குத் துணி கொடுக்க வேண்டியவனுக்கு. கடன் தீராத நெசவாளி வேறு ஆளுக்கு நெய்ய முடியாது.

தோழர்களே, இதைக் கேட்கும்போது உங்களுக்கு எதுவோ ஞாபகம் வருகிறதல்லவா? கம்பெனிக்குக் கீழே கான்ட்ராக்டர், கான்ட்ராக்டருக்குக் கீழே மேஸ்திரி, மேஸ்திரி கொடுத்த அட்வான்சுக்குக் கீழே தொழிலாளி. சிப்காட் வாசலில் காலையில் நின்று பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் யாருக்கு வேலை செய்கிறோம் என்று கேட்டால் கம்பெனி பெயரைச் சொல்லமாட்டார்கள், கூட்டி வந்த ஆளின் பெயரைத்தான் சொல்வார்கள். 400 வருஷத்தில் தறி போய் ஃபர்னஸ் வந்திருக்கிறது. கயிறு அதே கயிறு.

மனிதனே சரக்கான கதை

இனி நான் சொல்லப் போவது கசப்பான விஷயம்.

ஜாதிக்காய் விளைந்த பாண்டா தீவுகளின் ஜனங்கள், தங்கள் சரக்கை விருப்பமானவர்களுக்கு விற்போம் என்றார்கள். 1621இல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சூன் கூன் படையோடு போனான். அங்கே சுமார் 15,000 பேர் வாழ்ந்ததாக மதிப்பிடுகிறார்கள். கொலையுண்டவர், பட்டினியால் செத்தவர், ஓடியவர், பிடித்துக்கொண்டு போகப்பட்டவர் போக, எஞ்சியவர்கள் ஆயிரம் பேர் அளவே. அந்தத் தோப்புகளை ஒல்லாந்தருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். வேலைக்கு அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். சுதந்திர வியாபாரம் என்று பாடம் நடத்துகிறவர்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை.

கிழக்கே அடிமைக்கு ஆள் தேவைப்பட்டது. இங்கே நம் கரையில் யுத்தமும் பஞ்சமும். 1618 முதல் பஞ்சம் வாட்டியது. அரிசி இல்லாதவன் முதலில் மாட்டை விற்றான், பிறகு பிள்ளையை விற்றான், கடைசியில் தன்னையே விற்றான். 1622, 1623 ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலான துறைமுகங்களிலிருந்து சுமார் 1,900 பேரை ஒல்லாந்தர் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி உத்தியோகஸ்தர்களே வருத்தப்பட்டு எழுதினார்கள்! ஆளுக்குப் பஞ்சமில்லை, பணத்துக்குத்தான் பஞ்சம் என்பது அவர்கள் வருத்தம்.

1645ஐ ஒட்டியும், மறுபடி 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமை சூறையாடப்பட்டபோதும் இது நடந்தது. பஞ்சம் வந்தபோதெல்லாம் அடிமை வியாபாரம் சூடு பிடித்தது. அந்த மனிதர்களில் உழவனும் இருந்தான், நெசவாளியும் இருந்தான். துணியாக ஏற்றுமதியான உழைப்பு, பஞ்ச காலத்தில் உடம்போடு ஏற்றுமதியாயிற்று. கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே பக்கம்தான்.

அடிமை வியாபாரத்துக்காக ஹாலந்து பிரதமர் 2022 டிசம்பரிலும், ராஜா 2023 ஜூலை 1ஆம் தேதியும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். நல்லது. மன்னிப்புக் கேட்க 350 ஆண்டுக்கு மேல் ஆயிற்று என்பதையும் குறித்துக்கொள்வோம்.

ஹாலந்துத் தொழிலாளி என்ன கண்டான்?

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஹாலந்து ஜனங்கள் எல்லோரும் நம்மைச் சுரண்டிக் கொழுத்தார்கள் என்று நினைக்கக் கூடாது.

கம்பெனியின் பங்குதாரர்களுக்கு அதன் ஆயுள்காலம் முழுவதும் சராசரியாக ஆண்டுக்கு சுமார் 18 சதவிகிதம் லாப ஈவு கிடைத்தது. ஆனால் கப்பலில் வந்தவன் கதி என்ன? இரண்டு நூற்றாண்டுகளில் அந்தக் கம்பெனியின் கப்பல்களில் ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டவர்கள் சுமார் 10 லட்சம் பேர். திரும்பி வந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். நோயிலும் கடலிலும் யுத்தத்திலும் ஏராளமானோர் மாண்டார்கள். கடனில் மாட்டிய ஏழைகளும், வேலையில்லாத வாலிபர்களும் ஆள்பிடிக்கும் தரகர் மூலம் அந்தக் கப்பல்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கேயும் தரகன்தான்! ஹாலந்து அத்தனை செல்வம் குவித்த காலத்தில், அந்தத் தேசத்துச் சாதாரண ஜனங்கள் ஐரோப்பாவிலேயே அதிகமாக உழைத்து அதிக வறுமையில் கிடந்தார்கள் என்பதையும் மார்க்ஸ் சுட்டிக்காட்டுகிறார்.

தேசத்தின் ஏற்றுமதி ஏறியது. ஏற்றுமதி செய்த தேசத்தின் தொழிலாளிக்கே அது கிடைக்கவில்லை. நம் இளம் தோழரின் கேள்விக்கு முதல் பதில் இங்கே இருக்கிறது.

இன்றைய ஹாலந்து

1799இல் கம்பெனி கடனில் மூழ்கி மறைந்தது. பழவேற்காடு 1825இல் ஆங்கிலேயன் கைக்கு முற்றாகப் போயிற்று. ஆனால் ஹாலந்தின் வியாபார முறை மறையவில்லை.

இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகம் ஹாலந்தின் ராட்டர்டாம். அந்தத் தேசத்தின் ஜனத்தொகை சுமார் 1 கோடி 80 லட்சம். தமிழ்நாட்டின் ஜனத்தொகையில் கால் பங்குக்குக் கிட்டத்தட்ட. ஆயினும் விவசாயப் பொருள் ஏற்றுமதியில் நெடுங்காலமாக அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அதைச் சொல்லி வந்திருக்கிறார்கள். இதில் பூவும் பாலாடைக்கட்டியும் காய்கறியும் அங்கேயே விளைவது உண்மை. ஆனால் கணிசமான ஒரு பகுதி வாங்கி விற்பது. கொக்கோ மரம் அங்கே ஒன்றுகூட வளராது. ஆனால் கொக்கோ விதை இறக்குமதியில் அது உலகத்திலேயே முன்னணியில் நிற்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஏழை விவசாயி பறித்த கொக்கோ அங்கே அரைபட்டு ஐரோப்பாவெங்கும் போகிறது. அன்றைக்கு ஜாதிக்காய், இன்றைக்குக் கொக்கோ.

நம் நாட்டோடு அதன் வியாபாரத்தைப் பாருங்கள். 2021-22இல் இந்தியா அங்கே அனுப்பிய சரக்கின் மதிப்பு சுமார் 1,250 கோடி டாலர். 2022-23இல் அது சுமார் 2,160 கோடி டாலர். ஒரே ஆண்டில் ஹாலந்து நமது மூன்றாவது பெரிய ஏற்றுமதிச் சந்தை ஆகிவிட்டது. ஒரே ஆண்டில் இந்திய ஜனங்கள் அத்தனை மடங்கு கூடுதலாகப் பாடுபட்டு விட்டார்களா? இல்லை. அந்தச் சரக்கில் பெரும் பங்கு பெட்ரோலியப் பொருள். உக்ரைன் யுத்தத்தை அடுத்து ஐரோப்பா ரஷ்ய எண்ணெயை நேராக வாங்குவதைக் குறைத்தது. இந்தியப் பெருமுதலாளிகள் ரஷ்யாவிடம் மலிவாகக் கச்சா எண்ணெய் வாங்கி, சுத்திகரித்து, டீசலாக ராட்டர்டாமுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அது ஐரோப்பாவின் மற்ற தேசங்களுக்கும் போயிற்று. இங்கேயும் வாங்கி விற்பது, அங்கேயும் வாங்கி விற்பது. பெட்ரோல் பங்க்கில் நம் விலை குறைந்ததா? நீங்களே சொல்லுங்கள்.

ஏற்றுமதிப் புள்ளிவிவரம் பொய்யல்ல தோழர்களே. ஆனால் அது சரக்கின் விலையைச் சொல்லுமே தவிர, அதில் யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. அந்தப் பங்கைத் தீர்மானிப்பது வேறு விஷயம். அதற்குத்தான் வருகிறேன்.

பங்கை எது தீர்மானிக்கிறது?

ஹாலந்தில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே தக்காளி பறிக்கிறவர்களில் கணிசமானவர்கள் போலந்து, ருமேனியா முதலான தேசங்களிலிருந்து ஏஜென்சி மூலம் வந்தவர்கள். வேலை போனால் தங்குமிடமும் போகும் என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள். சிப்காட் பக்கம் தகரக் கொட்டகையில் பத்துப் பேர் ஒரு அறையில் படுக்கும் ஒடிசாத் தோழனின் நிலைதான் அது. அதே தேசத்தில் சங்கம் வலுவாக உள்ள துறைமுகத் தொழிலாளியின் நிலை வேறு. ஒரே தேசம், ஒரே ஏற்றுமதி. ஒருவன் பங்கு பெறுகிறான், ஒருவன் பெறவில்லை. வித்தியாசம் சங்கம்.

சங்கமும் ஐக்கியமும் என்ன சாதிக்கும் என்பதற்கு இந்த ஹாலந்து வியாபாரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1945 ஆகஸ்ட் 17இல் இந்தோனேசியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. ஒல்லாந்தர் அதை ஏற்கவில்லை. ஆயுதமும் சாமானும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து ஆள முனைந்தார்கள். அவர்கள் கப்பல்கள் ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் நின்றன. அங்கே இந்தோனேசிய மாலுமிகள் கப்பலை விட்டு இறங்கினார்கள். ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர் சரக்கைத் தொடமாட்டோம் என்றார்கள். அப்படியானால் இந்திய மாலுமிகளை வைத்து ஓட்டுவோம் என்று பார்த்தார்கள் ஒல்லாந்தர். இந்திய மாலுமிகளும் சிட்னியில் வேலைநிறுத்தம் செய்தார்கள்! நம் தேசமே அப்போது அடிமை. அடிமை தேசத்துத் தொழிலாளி, இன்னொரு அடிமை தேசத்துக்காக வேலையை விட்டான்.

அந்தப் போராட்டத்தைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டிய யோரிஸ் ஐவன்ஸ் ஒரு ஹாலந்துக்காரர் என்பதையும் மறக்க வேண்டாம். 1941 பிப்ரவரியில், ஹிட்லர் பட்டாளம் ஆம்ஸ்டர்டாமை ஆண்டபோது, யூத ஜனங்களைப் பிடித்துச் செல்வதை எதிர்த்து அந்த நகரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அறைகூவல் விட்டது ஹாலந்து கம்யூனிஸ்ட் கட்சி. ஹாலந்து என்றால் கூன் மட்டுமல்ல, இவர்களும்தான்.

ஒல்லாந்தர் கடைசியில் 1949 டிசம்பர் 27இல் இந்தோனேசியாவின் சுதந்திரத்தை அங்கீகரித்தார்கள். அப்போதும் 400 கோடி கில்டருக்கு மேற்பட்ட கடனை அந்தப் புதிய தேசத்தின் தலையில் கட்டிவிட்டே போனார்கள். வியாபாரி வியாபாரிதான்!

நமது கணக்கு

இப்போது நம் ஊருக்கு வருவோம். பழவேற்காட்டுக்கும் எண்ணூருக்கும் இடையில் மறுபடியும் துறைமுகங்கள் எழுந்திருக்கின்றன. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் செயல்படத் தொடங்கிற்று. பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. 2018இல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போயிற்று. அதைப் பல மடங்கு விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவ ஜனங்கள் எதிர்த்துப் போராடி வந்திருக்கிறார்கள். ஏரியும் முகத்துவாரமும் போனால் இறால் தடவிப் பிழைக்கும் பெண்களும் வலை வீசும் குடும்பங்களும் எங்கே போவார்கள் என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்விக்குத் துறைமுகத்தின் டன் கணக்கில் பதில் கிடையாது.

நாம் வெளிநாட்டு வியாபாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் நெசவாளி ஒல்லாந்தன் வருவதற்கு முன்பே கடல் கடந்து துணி அனுப்பியவன். நம் ஃபர்னஸ்களில் உருகும் பழைய இரும்பில் கடல் தாண்டி வந்ததும் உண்டு. தேசங்கள் கொடுத்து வாங்குவது நல்லதே. பீரங்கியும் ஏகபோகமும் கடன் கயிறும் இல்லாத வியாபாரம் வேண்டும் என்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தப் பேச்சு 2007இல் தொடங்கிற்று, 2013இல் நின்றது, 2022இல் மறுபடி தொடங்கிற்று. இப்படிப்பட்ட ஒப்பந்தம் எதுவானாலும் சுங்க வரி எவ்வளவு குறையும் என்று முதலாளி கேட்கிறான். கூலி எவ்வளவு ஏறும் என்று நாம் கேட்க வேண்டும்.

இனி அந்த இளம் தோழருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏற்றுமதி ஏறினால் கூலி தானாக ஏறாது தோழா. பழவேற்காட்டில் ஏறவில்லை, ஆம்ஸ்டர்டாமிலும் ஏறவில்லை. கேட்கிற இடத்தில், கூடிக் கேட்கிற இடத்தில் மட்டும்தான் ஏறும்.

ஆகவே இந்த வகுப்பு முடிந்து போகும்போது மூன்று வேலைகளை எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று, நிரந்தர வேலையில் கான்ட்ராக்ட் ஆளை வைக்காதே, சம வேலைக்குச் சம கூலி கொடு என்ற கோரிக்கையை ஒவ்வொரு ஷெட்டிலும் பேசுங்கள். இரண்டு, ஒடிசாக்காரன், பீகார்க்காரன் என்று ஒதுக்காமல் அவர்கள் கொட்டகைக்குப் போய் உட்காருங்கள். பாஷை தெரியாவிட்டால் சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள், அது எல்லாருக்கும் புரியும் பாஷை. அவர்களையும் சங்கத்தில் சேருங்கள். மூன்று, விவசாயத் தொழிலாளர் தோழர்கள் ஏரிக்கரை மீனவக் குடும்பங்களோடு கை கோர்த்து நில்லுங்கள். நிலமும் நீரும் போனால் நாளைக்கு சிப்காட் வாசலில் வந்து நிற்கப் போகிறவர்கள் உங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும்தான். அங்கே அவர்களை மலிவாக வாங்கத் தரகன் காத்திருப்பான்.

ஒல்லாந்தர் தங்கள் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போனார்கள். பழவேற்காட்டில் அது இன்றும் இருக்கிறது. தறிக்குழியில் செத்தவனுக்கும் கப்பலடியில் செத்தவனுக்கும் கல் கிடையாது. அவர்கள் கணக்கு நம்மிடம்தான் இருக்கிறது தோழர்களே. அதை நாம்தான் நேர் செய்ய வேண்டும்.

தொழிலாளர், விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!